தேவையில்லாத பொத்தானும் எரியாத விளக்கும்

மலையகத்தில் வாகனம் ஓட்டுகிற எவரிடமாவது சென்று, "என் காரில் குரூஸ் கொன்ட்ரோல் வேலை செய்யவில்லை, எங்கே திருத்தலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார். பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறீர்களா என்று விசாரிப்பார். கினிகத்தேனையில் தொடங்கி வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று நுவரெலியா வரைக்கும் வளைந்து வளைந்து ஏறுகிற அந்த வீதியில், பாதத்தை எடுத்துவிட்டு ஒரே வேகத்தில் வாகனத்தை ஓடவிடக்கூடிய நேரான துண்டு எங்கே இருக்கிறது? கியரை மாற்றிய கை மீண்டும் ஸ்டியரிங்கைத் தொடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

நானும் அப்படித்தான் சிரித்தேன். சிரித்தது தவறு என்று எனக்குப் புரிந்த கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். இதில் பெருமைப்பட எனக்கு எதுவுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு ஜப்பானில் தயாரான வெள்ளை நிறக் கார். 2006இல், ஏற்கனவே இருவர் கைமாறி என்னிடம் வந்தது. பத்திரிகையாளன் சம்பளத்தில் அதைவிடப் புதியதொன்றை அன்றும் நினைக்க முடியவில்லை, பின்னரும் முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இந்த நாட்டில் பழைய வாகனம் என்பது அசையாச் சொத்தைப் போலாகிவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தபோதும், வரியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட விலையைக் கேட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பித் தத்தம் பழைய வண்டிகளைத் துடைத்து வைத்துக்கொண்டார்கள். ஆகவே, முப்பது வயதைக் கடந்த கார்கள் நம் வீதிகளில் இன்னும் பல காலம் ஓடத்தான் போகின்றன. இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்ததும் அதனால்தான்.

அந்தக் காரின் ஸ்டியரிங் அருகே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் சிறிய விளக்கு எரியும். வாகனம் ஓரளவு வேகத்தில் ஓடும்போது இன்னொரு பொத்தானை அழுத்தினால், அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் அதே வேகத்தில் ஓடும். வாங்கி ஐந்து ஆண்டுகள் வரை நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை. 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரைக்கும் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோதுதான், இலங்கையில் அந்தப் பொத்தானுக்கும் ஒரு வீதி கிடைத்தது. மணிக்கு நூறு கிலோமீற்றர் என்பது அங்கே சட்டம் அனுமதிக்கிற உச்ச வேகம். தொண்ணூறில் நிறுத்திவைத்துவிட்டு ஓட்டுகிற சுகத்தை முதன்முதலாக அங்கேதான் அனுபவித்தேன்.

2024 மார்ச்சில் ஒரு திருமணத்துக்காக மாத்தறைக்குப் போனபோது பொத்தான் வேலை செய்யவில்லை. விளக்கு எரிந்தது, ஆனால் வேகத்தைப் பிடித்து நிறுத்த மறுத்தது. மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். "முப்பது வயசுக் காருக்கு இந்தச் சொகுசு ஒன்றுதான் குறைச்சல்" என்றாள் மனைவி. நானும் ஆமோதித்தேன்.

இதற்குச் சில வாரங்கள் முன்னதாக நடந்த இன்னொரு சம்பவத்தை அப்போது நான் இதனோடு சேர்த்துப் பார்க்கவில்லை. தொடர்ந்து இரண்டு காலைகளில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்டரி இறங்கிப் போயிருந்தது. கொழும்பில் நான் தங்கியிருந்த இடத்துக்கு அருகிலிருந்த வாகன மின்சாரத் திருத்துநரை அழைத்துவந்தேன். காரின் பின்பக்கத்தைப் பார்த்தவர், சிவப்பு விளக்குகள் தாமாகவே எரிந்துகொண்டிருப்பதைக் காட்டினார். பிறகு ஓட்டுநர் ஆசனத்தின் கீழே தலையை நுழைத்துப் பத்து நிமிடம் ஏதோ செய்தார். விளக்குகள் அணைந்தன. ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, "வயரில் ஷோர்ட், சரி பண்ணிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் பிறரைக் கேள்வி கேட்டே சோறு தின்றவன் நான். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெட்டரி அதன்பின் இறங்கவில்லை. அதுதானே வேண்டியிருந்தது!

ஜூலை மாதம் வந்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையில் பயணம் செய்தவர்களுக்கு, தியகல பகுதியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. பகல் மூன்று மணிக்கே முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, முன்னால் போகிற வாகனத்தின் இரண்டு சிவப்புப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, குருடர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி நடப்பதைப் போல எல்லா வாகனங்களும் ஊர்ந்து போகும். முன்னால் போகிறவன் நிற்கிறானா, நகர்கிறானா என்பதைச் சொல்வது அந்தச் சிவப்பின் பிரகாசம் கூடுவதும் குறைவதும் மட்டும்தான்.

அன்று நான் ஹட்டன் நோக்கி ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில், மேலிருந்து இறங்கிய லொறி பாதி வீதியை எடுத்துக்கொண்டு வந்ததால் பிரேக்கை அழுத்தி நின்றேன். அடுத்த நொடி பின்னாலிருந்து ஒரு முச்சக்கர வண்டி வந்து மோதியது. பெரிய மோதல் அல்ல. என் காருக்குப் பம்பரில் ஒரு கீறல். முச்சக்கர வண்டிக்கு முன் கண்ணாடி வெடித்து, மட்கார்ட் நெளிந்துவிட்டது. உள்ளே பாடசாலைச் சீருடையில் ஒரு பிள்ளை இருந்தாள். முன் கம்பியில் வாய் அடிபட்டு உதடு கிழிந்து இரத்தம் வந்தது. வண்டி ஓட்டியவர் அவளுடைய தகப்பனார்.

நான் இறங்கிச் சென்று திட்டினேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் திட்டினேன். இடைவெளி விட்டு ஓட்டத் தெரியாதா, பனியில் இப்படித்தான் வருவதா என்று என் குரலை உயர்த்தினேன். அவர் பிள்ளையின் வாயைச் சாரத்தின் நுனியால் ஒற்றிக்கொண்டே, "சேர், ஒங்க பிரேக் லைட்டு எரியவே இல்லையே. எரிஞ்சிருந்தா நான் ஏன் சேர் வந்து முட்டப்போறேன்?" என்றார்.

அதை ஒரு சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். பின்னால் மோதியவன்தான் குற்றவாளி என்பது நம் வீதிகளில் எழுதப்படாத தீர்ப்பு. அவரும் அதை அறிந்தவர்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். நான் பெருந்தன்மையோடு மறுத்துவிட்டேன். 'பெருந்தன்மை' என்ற சொல்லை இன்று நினைத்தால் நாக்கு கூசுகிறது. பிள்ளையை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, அவருடைய பெயரைக்கூடக் கேட்காமல் ஏறிவந்துவிட்டேன்.

ஹட்டன் வந்த பிறகும் அவருடைய சொல் விடவில்லை. நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிற ஒரு கராஜில் காரை நிறுத்தினேன். தோட்டத்துப் பையன் ஒருவன்தான் அங்கே மெக்கானிக். "தம்பி, நான் பிரேக்கை மிதிக்கிறேன், பின்னால் பார்" என்றேன். மிதித்தேன். "ஒண்ணும் எரியல சேர்" என்றான். மூன்றாவது விளக்கும், கண்ணாடியின் கீழே இருப்பதும்கூட எரியவில்லை. எல்லா பல்புகளும் ஒரே நேரத்தில் போகாது என்பதால், அவன் பல்புகளைத் தொடவே இல்லை. முதலில் பியூஸைப் பார்த்தான், நல்லது. பிறகு நேராகப் பிரேக் மிதிக்கு மேலே டோர்ச் அடித்தான்.

அங்கே, மிதியின் தண்டுக்கு எதிரே, கட்டைவிரல் பருமனில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதன் நுனியில் உள்ளேயும் வெளியேயும் ஓடக்கூடிய ஒரு சிறு ஊசி. நாம் பிரேக்கை மிதிக்காதபோது மிதித்தண்டு அந்த ஊசியை உள்ளே அழுத்திப் பிடித்திருக்கும். மிதித்தால் தண்டு விலகும், ஊசி வெளியே வரும், விளக்கு எரியும். அதே சுவிட்சுக்குள் இன்னொரு தொடுப்பும் உண்டு. அது குரூஸ் கொன்ட்ரோலுக்கு. ஊசி வெளியே வந்தவுடன், "ஓட்டுநர் பிரேக் மிதித்துவிட்டார், வேகத்தை விட்டுவிடு" என்று அது கட்டளையிடும். ஒரு சுவிட்ச், இரண்டு வேலை.

அந்தச் சுவிட்சுக்கு வருகிற வயர் இணைப்பு கழற்றப்பட்டு, டேப் சுற்றித் தொங்கவிடப்பட்டிருந்தது. ஐந்நூறு ரூபாய்த் திருத்தம் அதுதான்.

"இது தானா கழண்டதில்ல சேர். புடுங்கி விட்டிருக்காங்க" என்றான் பையன். பிறகு இணைப்பைப் பொருத்தினான். உடனே பின்விளக்குகள் மிதிக்காமலேயே எரிந்தன. அவன் மீண்டும் டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். மிதித்தண்டில், ஊசி வந்து அழுத்துகிற இடத்தில் ஒரு துளை இருந்தது. அந்தத் துளையை அடைத்தபடி ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்க வேண்டும், சட்டைப் பொத்தானளவு. முப்பது ஆண்டுச் சூட்டிலும் குளிரிலும் அது நொறுங்கி விழுந்துவிட்டது. குமிழ் போனதால் ஊசி துளைக்குள் நுழைந்து வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது. காரைப் பொறுத்தவரை நான் இரவும் பகலும் பிரேக்கை மிதித்தபடியே இருந்தேன். ஆகவே விளக்குகள் அணையவில்லை. ஆகவே பெட்டரி இறங்கியது. ஆகவே குரூஸ் கொன்ட்ரோல் பிடிக்கவில்லை. பிரேக்கில் கால் வைத்திருக்கிற ஓட்டுநருக்கு அது எப்படி வேகத்தைப் பிடித்துக் கொடுக்கும்?

பிளாஸ்டிக் நொறுங்கல்களை நான் கண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. பெட்டரி இறங்கிய அந்த வாரத்தில் காலடி விரிப்பில் நாலைந்து துணுக்குகள் கிடந்தன. யாரோ கடித்துத் துப்பிய பேனா மூடி என்று எண்ணிக் கூட்டித் தள்ளினேன்.

ஜப்பானில் தொண்ணூறுகளில் செய்யப்பட்ட பலவகைக் கார்களில் இது சாதாரணமாக வருகிற பழுது. இந்தச் செய்தியை வாசிக்கிற நண்பர்கள் கனடாவில் இருந்தாலும் சரி, தொரொண்டோவின் குளிரில் ஒரு பழைய ஜப்பானியக் காரை வைத்திருந்தாலும் சரி, காலடியில் இப்படித் துணுக்குகளைக் கண்டால் தூக்கி எறிவதற்கு முன் மிதிக்கு மேலே ஒருமுறை பார்த்துவிடுங்கள். புதிய குமிழின் விலை ஒரு வேளைத் தேநீருக்கும் வடைக்கும் ஆகிற செலவை அதிகம் தாண்டாது.

இவ்வளவு சிறிய பொருளுக்குள் இவ்வளவு பெரிய பொறுப்பை வைத்தவர்கள்மீது கோபப்படலாம்தான். ஆனால் எனக்கு அவர்கள்மீது கோபம் இல்லை. அந்தக் கார் எனக்கு மூன்று முறை தகவல் அனுப்பியது. பெட்டரியை இறக்கிச் சொன்னது, பிளாஸ்டிக்கை உதிர்த்துச் சொன்னது, நெடுஞ்சாலையில் பொத்தானை மறுத்துச் சொன்னது. முதல் தகவலை ஒரு திருத்துநர் கத்தரித்தார். மற்ற இரண்டையும் நான் தள்ளினேன்.

இந்தப் பொறியின் வரலாறு சற்றுச் சுவையானது என்பதால் ஒரு பத்தி விலகிச் செல்கிறேன். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். என் தகப்பனாருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் வழக்கில் 'ஸ்டோரில்', எஞ்சின் கவனிக்கிற வேலை. கொழுந்தை உருட்டுகிற இயந்திரங்கள் எல்லாம் ஒரே நீண்ட தண்டில் பட்டிகளால் இணைக்கப்பட்டு ஓடிய காலம் அது. ஓர் இயந்திரத்தில் கொழுந்தைப் போட்டால் எஞ்சினுக்குச் சுமை கூடும், எடுத்தால் குறையும். ஆனால் தண்டின் வேகம் மாறக்கூடாது. வேகம் கூடினால் கொழுந்து சூடேறிக் கெடும் என்பார் அப்பா. அந்த வேகத்தைக் காத்தது எஞ்சினின் 'கவர்னர்'. வேகம் கூடினால் அதற்குள் சுழல்கிற பாரங்கள் வெளிநோக்கி விரிந்து எரிபொருளைக் குறைக்கும். வேகம் குறைந்தால் உள்வாங்கி எரிபொருளைக் கூட்டும். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டுப் பொருத்தியதும் இதே தத்துவம்தான். காரில் இருக்கிற குரூஸ் கொன்ட்ரோல் அந்தக் குண்டுகளின் பேரன்.

காருக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர் என்ற பொறியியலாளர். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், கேட்டால் கூட்டுவாராம். அந்த ஆட்டத்தைத் தாங்காமல்தான் டீட்டர் இதை நினைத்தார் என்று சொல்லப்படுவதுண்டு. 1950இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. பார்வையற்ற ஒருவர், ஓட்டுநரின் கால் எப்படி நடந்துகொள்கிறது என்பதை எல்லா ஓட்டுநர்களையும்விட நன்றாக உணர்ந்திருக்கிறார்.

மலைக்கு இது ஏன் ஒவ்வாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விடுமுறைக்கு வருகிற நம் உறவுகள் வாடகைக் காரில் இதைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். என்னுடையதைப் போன்ற பழைய வண்டிகள் பலவற்றில், எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகிற வெற்றிடத்தைக் கொண்டுதான் ஒரு ரப்பர் சவ்வு அக்சிலரேட்டர் கம்பியை இழுத்துப் பிடிக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் வாயை அகலத் திறந்தால் அந்த வெற்றிடம் குறையும். அதுவும் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் காற்றின் அழுத்தமே கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். எனவே மிகத் தேவையான இடத்தில் பிடி தளர்ந்து வேகம் விழும். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். பழைய குரூஸ் கொன்ட்ரோலுக்கு எரிபொருளைக் குறைக்கத் தெரியுமே தவிரப் பிரேக் பிடிக்கத் தெரியாது. ஐம்பதில் வைத்தாலும் இறக்கம் எழுபதாக்கிவிடும்; பொறி தன் கடமையைச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். ஈர வீதியில் சக்கரம் வழுக்கினாலும் அதற்குத் தெரியாது. நம் மலைகளுக்கு உரிய வேகக்கட்டுப்பாடு கியர் பெட்டிக்குள் இருக்கிறது. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வார்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் போகிறபோது பிரேக் பட்டைகள் தீய்கிற வாசனை மூக்கில் ஏறும்.

எனவே, தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் பழுதானால் பரவாயில்லை என்பது அதிலிருந்து பிறக்கிற முடிவல்ல. இந்த இரண்டையும் ஒன்றென எண்ணியதுதான் என் பிழை. அந்தப் பொறி தனியாக வாழ்வதில்லை. பிரேக் விளக்கோடும், கிளட்சோடும், வேகமானியோடும், ஹோர்னோடும், அக்சிலரேட்டர் கம்பியோடும் உறவு வைத்திருக்கிறது. குரூஸ் கொன்ட்ரோல் திடீரென்று மறுத்தால், அந்தக் குடும்பத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பொருள்.

ஹட்டன் பையன் எனக்குச் சொல்லித்தந்த வரிசை நான் படித்த எந்தக் கையேட்டையும்விடத் தெளிவாக இருந்தது. முதலில் பிரேக் விளக்கு. இன்னொருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது எரியவில்லை என்றாலும், அணையவில்லை என்றாலும் தேடல் அங்கேயே முடிந்துவிடும். அது சரியாக இருந்தால் பியூஸ். கையால் கியர் போடுகிற வண்டியென்றால் கிளட்ச் மிதியிலும் இதே போன்றதொரு சுவிட்ச் உண்டு. வேகமானியின் முள் ஆடினாலோ செத்துக் கிடந்தாலோ குரூஸ் கொன்ட்ரோலும் சாகும். எந்த வேகத்தைப் பிடிப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதன்பிறகு எஞ்சின் பக்கம் வந்து, வெற்றிடக் குழாய்களை விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் பிஸ்கட்டைப் போல வெடித்திருக்கும். ஸ்டியரிங் மேலேயே பொத்தான்கள் இருக்கிற வண்டிகளில், ஹோர்னும் சேர்ந்து ஊமையாகிவிட்டால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கிற நாடா அறுந்திருக்கலாம். அதை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். காற்றுப்பை அங்கேதான் மடிந்து கிடக்கிறது.

இன்னொன்று. பிடிக்க மறுக்கிற குரூஸ் கொன்ட்ரோல் தொல்லை மட்டுமே. விட மறுக்கிறது உயிராபத்து. பிரேக்கைத் தொட்ட பின்னும் வண்டி இழுத்துக்கொண்டு ஓடினால், கிளட்சை மிதித்தோ நியூட்ரலுக்குத் தள்ளியோ எஞ்சினைப் பிரித்துவிட்டு, பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்துங்கள். ஓடுகிற வண்டியில் சாவியை வெளியே இழுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இது ஏதோ ஏழை நாட்டுக் கராஜ்களின் அலட்சியம் என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் 1999 முதல் 2009 வரை பல தவணைகளில், ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருத்தத்துக்காகத் திருப்பியழைத்தது. காரணம், பிரேக் மிதித்தவுடன் குரூஸ் கொன்ட்ரோலை நிறுத்துகிற ஒரு சிறு சுவிட்ச்தான். அது பிரேக் எண்ணெயோடு தொடர்புபட்டது. உள்ளே இருந்த மெல்லிய தடுப்புத் தகடு வெடித்து, எண்ணெய் மின்தொடுப்பில் கசிந்து, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததால் வண்டிகள் தரிப்பிடத்திலேயே தீப்பற்றின. குரூஸ் கொன்ட்ரோலையே பயன்படுத்தாதவருடைய வண்டியும் எரியக்கூடும். சுவிட்சுக்கு அந்தப் பேதம் கிடையாது.

இனி நம் நாட்டு ஏற்பாட்டைப் பற்றி. தனியார் காருக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிறோம். காப்புறுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். புகைப் பரிசோதனை நிலையத்தில் என் காரின் பின்னால்தான் ஓர் ஊழியர் குனிந்து நின்று குழாயைச் செருகுகிறார். அவருடைய கண்ணுக்கு ஒரு முழத்துக்கு மேலே பிரேக் விளக்கு இருக்கிறது. "ஒருமுறை மிதியுங்கள்" என்று சொன்னால் போதும். இரண்டு நொடி வேலை. அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, ஆகவே அவரும் கேட்பதில்லை. பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்றாவது இருக்கிறது. முப்பது வயதுக் கார்களுக்கு அதுவும் இல்லை. இறக்குமதியை அடைத்தும் வரியை ஏற்றியும் மக்களைப் பழைய வாகனங்களிலேயே வைத்திருக்கிற ஓர் அரசு, அந்த வாகனங்களின் பிரேக் விளக்கையாவது ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கக் கடமைப்பட்டது. புதிய சட்டமோ புதிய கட்டடமோ இதற்குத் தேவையில்லை. இருக்கிற புகைச் சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக அச்சிட்டால் போதும்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து, வேன் ஒன்றோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பேருந்து பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவற்றுக்கும் என் பிளாஸ்டிக் குமிழுக்கும் தொடர்பில்லை. அப்படியொரு முடிச்சை நான் போடவும் மாட்டேன். அத்தகைய நாட்களில் பத்திரிகைகள் முதற்பக்கம் ஒதுக்குகின்றன, அமைச்சர்கள் வருகிறார்கள், குழுக்கள் அமைகின்றன. தியகலவில் ஒரு பிள்ளையின் உதடு கிழிந்ததற்கு எந்தக் குழுவும் இல்லை. அது பொலிஸ் பதிவில்கூட இல்லை. பதியவேண்டியவன் நான்தான், நான் அப்போது பெருந்தன்மையில் இருந்தேன்.

திருத்துநரைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர்களிடம் 'டிரெக்ட் பண்ணிவிடுவது' என்றொரு பழக்கம் இருக்கிறது. சுவிட்ச் கெட்டால் அதைத் தாண்டி வயரை இணைப்பது, எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பல்பைப் பிடுங்குவது. பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் அந்தச் சாமர்த்தியம் பல வண்டிகளை ஓடவைத்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் எதைக் கழற்றினேன் என்பதை வண்டிக்காரனிடம் சொல்லாமல் போவது சாமர்த்தியத்தில் சேராது. "பிரேக் லைட்டைக் கழற்றியிருக்கிறேன், நாளைக்கே பாருங்கள்" என்று அவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கேட்காத நானும் அந்தத் திருத்தத்தில் பாதிப் பங்காளி.

பையன் வேறொரு பழைய வண்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த குமிழைப் பொருத்தினான். "புதுசு கெடைச்சா மாத்திக்கங்க சேர்" என்றான். நூற்றைம்பது ரூபாய்தான் கேட்டான். மிதித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது. அடுத்த மாதம் தெற்கு நெடுஞ்சாலையில் பொத்தானை அழுத்தினேன். தொண்ணூறில் சாதுவாகப் பிடித்துக்கொண்டது. ஹட்டன் வீட்டில் காலையில் காரை எடுக்கும்போது, பின்புறமிருக்கிற சுண்ணாம்புச் சுவரில் சிவப்பு ஒளி விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டே வெளியே வருகிறேன்.

முச்சக்கர வண்டிக்காரரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கினிகத்தேனைத் தரிப்பிடத்தில் இரண்டு முறை விசாரித்தேன். வட்டவளையிலும் கேட்டேன். முன்கண்ணாடி மாற்றிய வண்டி என்றால் ஆளுக்கு ஒருவரைக் காட்டுகிறார்கள். கண்ணாடிக்கும் மட்கார்டுக்கும் அவர் கொடுத்திருக்கக்கூடிய பணத்தை ஓர் உறையில் இட்டு, காரின் முன் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.